சொல்லாகாத வலி: இளஞ்சிறார் தம்மைக் காயப்படுத்திக்கொள்வதும் நாம் கேட்கும் முறையும்

தமிழில் 'கொள்' என்னும் துணைவினை வியப்புக்குரியது. 'பந்து விளையாடிய சிறுவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்' என்கிறோம். 'மாணவி கையைக் கீறிக்கொண்டாள்' என்றும் சொல்கிறோம். முதல் தொடரில் நடந்தது விபத்து. இரண்டாம் தொடரில் நடந்தது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்பது தொடரை மட்டும் வைத்துத் தெளிவாகாது. வினையின் விளைவு அதைச் செய்தவரையே வந்தடைகிறது என்பதை மட்டும் 'கொள்' காட்டும். மனத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டாது. பேச்சுத் தமிழில் குழந்தை இன்னும் ஒரு படி ஒதுங்கி நின்று, 'கீறிடுச்சு' என்று சொல்லிவிடலாம். அப்போது தொடரிலிருந்து செய்தவரே மறைந்துவிடுகிறார்.

மொழியியலார் ஒருவர் குழந்தைகளின் உடற்காயத்தைப் பற்றிப் பேச வருவது பொருந்துமா என்ற வினா இவ்வரிசையின் வாசகர்க்கு எழக்கூடும். மருத்துவம் நம் துறையன்று. நோய் கண்டறிவதும் மருந்து தருவதும் அத்துறையினர் பணி. ஆனால் காயத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். வகுப்பாசிரியர் காண்கிறார், பாட்டி காண்கிறார், பக்கத்து இருக்கைத் தோழி காண்கிறாள். அந்த முதல் ஐந்து நிமிடங்களில் பயன்படும் கருவி சொல் ஒன்றுதான். எந்தச் சொல் குழந்தையைப் பேச வைக்கிறது, எது வாயடைக்கச் செய்கிறது என்பது மொழியைக் கற்பிப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'சுயதீங்கு', 'தற்காயம்' என்றெல்லாம் கலைச்சொற்கள் வழங்குகின்றன. இவை கட்டுரைகளுக்குப் பயன்படும். எட்டு வயதுப் பிள்ளையிடமோ அதன் தாயிடமோ பேசும்போது 'தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்' என்னும் நீண்ட தொடரே தெளிவானது என்பது நம் கருத்து. பெரும்பாலோர் இதைக் கண்டவுடன் 'தற்கொலை' என்ற சொல்லின் பெட்டிக்குள் போட்டுவிடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. உயிரை விடும் எண்ணம் இல்லாமலேயே தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் சிறார் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்மாண்டோ ஃபவாசா 1987இல் வெளியிட்ட நூல், இச்செயலைத் தற்கொலை முயற்சியிலிருந்து பிரித்து அறியும் போக்குக்கு வலுவூட்டியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடும் தன் ஐந்தாம் பதிப்பில், 2013இல், உயிர்விடும் நோக்கமற்ற காயப்படுத்தலை மேலும் ஆராய வேண்டிய ஒரு தனி நிலையாகக் குறித்தது. ஆயினும் இரண்டுக்கும் இடையே சுவர் எதுவும் இல்லை. இன்று அந்த நோக்கமின்றிக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னாளில் அந்த எண்ணம் தோன்றும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. ஆதலால் 'ஐயோ, சாகப் பார்த்தாயா' என்று அலறுவதும் தவறு. 'இது ஒன்றுமில்லை' என்று தள்ளுவதும் தவறு.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் சிராங்கூன் சாலையிலும் அலகு குத்திச் செல்வோரைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவர்கள். அதுவும் இதுவும் ஒன்றா என்று மாணவர் கேட்டால் திகைக்க வேண்டியதில்லை. வேண்டுதல், நோன்பு, சூழ நிற்கும் உறவினர், பலரறியச் செய்யும் சடங்கு ஆகியவை சேர்ந்தது அலகு. தனியறையில், ஒருவரும் அறியாமல், தாங்க முடியாத ஒரு கணத்தைக் கடப்பதற்காகச் செய்வது மற்றது. ஃபவாசாவும் சமூகம் ஏற்ற சடங்குகளைத் தனியாகவே வைத்து ஆராய்ந்தார்.

இது பதின்ம வயதினரின் சிக்கல், தொடக்கப்பள்ளிக்குள் வராது என்றொரு நம்பிக்கை பரவலாக உள்ளது. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குள் தொடங்குவோர் மிகுதி என்பது உண்மையே. ஆனால் 2012இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு, 665 சிறாரிடம் நேரில் பேசிப் பெற்ற தகவல்களைத் தந்தது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் தம்மைக் காயப்படுத்திக்கொண்டதாகக் கூறினர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு 7.6 விழுக்காடு. நம் தொடக்கநிலை 3 வயதினர் அவர்கள். அயல்நாட்டு எண்ணை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. எனினும் 'இந்த வயதில் இருக்காது' என்ற நம்பிக்கையை அது அசைத்துவிடுகிறது.

அதனினும் சிறிய குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தை அழுகையின் உச்சத்தில் தலையைச் சுவரில் முட்டுவதுண்டு. உறங்கப்போகுமுன் தாளம் போல் தலையை ஆட்டி இடிப்பதும் உண்டு. இவை பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம். நான்கு வயதையொட்டித் தாமே மறைபவை. நிற்காமல் தொடர்ந்தாலோ, காயம் ஏற்படும் அளவுக்குச் சென்றாலோ, பேச்சு வளர்ச்சியும் தாமதமாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளிடத்தும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளிடத்தும் காணும் தலைமுட்டல், கை கடித்தல் ஆகியவற்றுக்குத் தனிக் காரணங்கள் உண்டு. காது வலியோ பல் வலியோ கூட அப்படி வெளிப்படலாம். பேச்சு வாராத பிள்ளைக்கு உடலே வாய்.

பேச்சு வந்த பிள்ளை ஏன் இதைச் செய்கிறது? இக்கட்டுரையின் நடுப்பொருள் இதுவே.

மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டீன் என்னும் இரு உளவியலார் 2004இல் இதற்கு நான்கு வகை விடைகளைத் தந்தனர். தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிப்பதற்காகச் செய்யலாம். உள்ளே மரத்துப்போய் ஒன்றும் தோன்றாத நிலையில், ஏதேனும் ஒன்றை உணர்வதற்காகச் செய்யலாம். இவை இரண்டும் உள்ளே நிகழ்பவை. பிறருடைய கவனத்தையோ அன்பையோ பெறுவதற்கும், தாங்க இயலாத ஒரு சூழலிலிருந்து தப்புவதற்கும் செய்யலாம். இவை வெளியை நோக்கியவை. ஆய்வுகளில் மிகுதியாகச் சொல்லப்படும் காரணம் முதலாவது. நம் வீடுகளில் உடனே சொல்லப்படும் காரணமோ மூன்றாவது: 'நடிக்கிறாள்', 'எல்லாரும் தன்னையே பார்க்கணும்னு செய்றான்'. அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாலும், தன்னைப் பார்க்க வைப்பதற்கு உடம்பைக் காயப்படுத்துவது தவிர வேறு வழி தெரியாத பிள்ளையைப் பார்க்காமல் விடுவது எவ்வாறு மருந்தாகும்?

காரணங்களைத் தேடும் ஆசிரியருக்கு நம் இலக்கண நூலே ஒரு வழியைத் தருகிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் எதனெதனால் பிறக்கும் என்று நான்கு நிலைக்களன்களையும் அந்நூல் வகுக்கிறது. அழுகைக்கு அது சொல்லும் நான்கனுள் இழவு ஒன்று; இளிவு ஒன்று; அசைவு, வறுமை ஆகியன ஏனையவை. செய்யுள் ஆராய்ச்சிக்காக வகுத்தது இது. மனநல மருத்துவத்துக்காக அன்று. ஆயினும் அழும் குழந்தையின் எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு இவை நான்கும் நல்ல வினாக்களாகின்றன.

இழவு என்றால் சாவு மட்டும் அன்று. தாத்தா இறந்திருக்கலாம், தந்தை வீட்டைவிட்டுப் போயிருக்கலாம், பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பணிப்பெண் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பெரியவர்கள் ஓர் இழப்பாகவே எண்ணுவதில்லை. அசைவு என்பதற்கு முன்னிருந்த நிலை மாறி வேறாதல் என்று உரைகள் பொருள் தருகின்றன. பள்ளி மாற்றம், வீடு மாற்றம், உயர்தரப் பிரிவிலிருந்து இறக்கப்படுதல், தம்பி பிறந்தபின் மடி இழந்த அக்கா: எல்லாம் இதனுள் அடங்கும். வறுமை, இருக்க வேண்டியது இல்லாமை. வயிற்றுக்கு இல்லாமையாகவும் இருக்கலாம். இரவு ஒன்பதுக்குமேல் வீடு திரும்பும் பெற்றோரின் முகம் இல்லாமையாகவும் இருக்கலாம்.

இளிவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிறரால் இகழப்படும் நிலை அது. தோலின் நிறம், பெயர், எண்ணெய் தடவிய தலை, கொண்டுவந்த சாப்பாட்டின் மணம் ஆகியவற்றை வைத்துக் கேலி செய்யப்படும் நம் பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை. அம்மா வருந்துவாள் என்று மறைத்துவிடுகிறார்கள். கேலி இப்போது பள்ளி மணியோடு முடிவதும் இல்லை; கைப்பேசிக் குழு வழியே படுக்கையறை வரை வருகிறது. உடலளவிலோ பாலியல் வகையிலோ கொடுமைக்கு உள்ளான பிள்ளையின் இளிவு இவை எல்லாவற்றினும் ஆழமானது. அதைச் சொல்வதற்கான சொல்லே அதனிடம் இராது.

மற்றோர் இளிவு வீட்டிலிருந்தே வருகிறது. 'செத்துத் தொலை', 'நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்', 'உன்னால மானம் போச்சு' என்பவை நம் மொழியில் ஆண்டாண்டுகளாக வழங்கும் வசைகள். சொல்பவர் பொருளறிந்து சொல்வதில்லை. அடுத்த கணமே சோறு பிசைந்து ஊட்டவும் செய்வார். மொழியியலில் இதனைச் சொற்பொருளுக்கும் கருத்துப்பொருளுக்கும் உள்ள இடைவெளி என்போம். அந்த இடைவெளியைத் தாண்டும் திறன் வளர்ந்தோர்க்கு உண்டு. குழந்தைக்கு அது மெல்ல மெல்லவே வருகிறது. மனம் நொந்திருக்கும் குழந்தை சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்ளும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக் காலத்தில் இவ்வசைகள் பெருகுகின்றன. சிங்கப்பூரில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வைக் குறைத்த வேகத்தில் வசை குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இனி, குழந்தையிடம் உள்ள சொற்களைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். பாட்டியிடம் தமிழ், பெற்றோரிடம் ஆங்கிலம், நண்பரிடம் கலவை என்று வாழும் பிள்ளைக்கு உணர்ச்சிச் சொற்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் வகுப்பில் நாம் தருவன எவை? கட்டுரை எழுதும்போது 'அனலிலிட்ட மெழுகு போல உருகினான்' என்று பிழையின்றி எழுதும் மாணவருக்கு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒருவரிடம் சொல்லிப் பழக்கம் இல்லை. உவமைத்தொடர்களையும் மரபுத்தொடர்களையும் நாம் குறைகூறவில்லை; அவை மொழியின் செல்வம். ஆனால் அவை பிறர் துயரத்தை வருணிக்கக் கற்பிக்கப்படுகின்றன. தன் துயரத்தைத் தெரிவிக்க அல்ல. வெட்கம், ஏக்கம், பொறாமை, குற்றவுணர்வு, தனிமை, வெறுமை என்று பிரித்தறியத் தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் 'ஒரு மாதிரி இருக்கு' என்றோ 'வயிறு வலிக்குது' என்றோதான் சொல்லும். தமிழ் உணர்ச்சிகளை உடலில் ஏற்றிச் சொல்லும் மொழி என்பதையும் நினைவில் கொள்க. நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, தலை வெடிக்கிறது என்கிறோம். ஆதலால், மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லிய பிறகும் திங்கட்கிழமைதோறும் வயிறு வலிக்கும் பிள்ளையிடம் 'வயிற்றில் வலியா, மனத்தில் வலியா?' என்று கேட்பது வேடிக்கையன்று.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதால் பயன் உண்டா? மேத்யூ லீபர்மனும் அவர்தம் குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளை வருடல் ஆய்வு ஒரு குறிப்பைத் தருகிறது. அச்சமும் சினமும் காட்டும் முகங்களைக் கண்டபோது அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் மூளையில், உணர்ச்சிக் கிளர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் செயற்பாடு தணிந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர் வளர்ந்தோர். ஆய்வுக்கூடமும் வாழ்க்கையும் ஒன்றல்ல. எனினும் சொல் வெறும் ஒட்டுத்தாள் அன்று, அது உணர்ச்சியின்மேல் வேலை செய்கிறது என்பதை அறிய இது போதும். தமிழ் ஆசிரியர் இதற்கெனத் தனிப்பாடம் அமைக்க வேண்டியதில்லை. கதை படிக்கும்போது 'அவன் கோபப்பட்டான்' என்ற இடத்தில் நிறுத்தி, அது கோபமா, அவமானமா, பயமா என்று ஐந்து நிமிடம் வாதிடவிட்டால் போதும். சொல்வளப் பயிற்சியும் அதுவே. தடுப்புப் பணியும் அதுவே.

அறிகுறிகளை விரிக்க வேண்டியதில்லை. வெயிலிலும் கழற்றாத நீளக்கைச் சட்டை, காரணம் மாறிக்கொண்டேயிருக்கும் காயங்கள், உடற்பயிற்சி வகுப்பையும் நீச்சலையும் தவிர்த்தல், நண்பரிடமிருந்து விலகல், கழிப்பறையில் நெடுநேரம் இருத்தல். இவற்றுள் ஒன்று மட்டும் தனியே எதையும் மெய்ப்பிக்காது. சேர்ந்து வந்தால் பேச வேண்டும். தமிழாசிரியர்க்கு மட்டும் கிடைக்கும் இன்னோர் அறிகுறி கட்டுரை ஏடு. சாவையும் மறைந்துபோவதையும் பற்றித் திரும்பத் திரும்ப எழுதும் பிள்ளையின் தாளில் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி மதிப்பெண் இட்டுவிடக் கூடாது.

எப்படிப் பேசுவது? காயத்துக்கு முதலுதவி முதலில், கேள்வி பிறகு. தனியே, ஆனால் பிறர் பார்வை படும் இடத்தில், பிள்ளையின் கண்மட்டத்துக்கு அமர்ந்து பேச வேண்டும். தமிழில் 'ஏன்' என்னும் வினாச்சொல் பல வேளைகளில் வினாவே அன்று. 'ஏண்டா இப்படிப் பண்ணினே?' என்பதற்கு யாரும் விடையை எதிர்பார்ப்பதில்லை. அது வினா வடிவில் வரும் குற்றச்சாட்டு. குழந்தைக்கு அது நன்றாகத் தெரியும். எனவே தலை குனிகிறது. 'என்ன நடந்தது?' என்பதற்கு விடை சொல்லலாம். 'அதற்கு முன்னால் எப்படி இருந்தது?', 'செய்த பிறகு எப்படி இருந்தது?' என்பவற்றுக்கும் விடை சொல்லலாம். 'கையில் காயம் பார்த்தேன். உன்மேல் கோபம் இல்லை. உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்போல' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பது சில வேளைகளில் எல்லா வினாக்களினும் நன்று. அந்த அமைதியில் பிள்ளை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் பேசட்டும். 'தமிழில் சொல்' என்று திருத்தும் மொழிப்பற்று அந்நேரத்துக்கு உரியதன்று.

சாகும் எண்ணம் உண்டா என்று கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. மேடலின் கூல்ட் என்னும் ஆய்வாளரும் குழுவினரும் நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப்பள்ளி மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் இதுபற்றி வினவி, 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். வினவப்பட்டவர்களிடம் துயரமும் அத்தகைய எண்ணமும் மிகவில்லை. அவர்கள் பதின்ம வயதினர். இளையோரைப் பொறுத்தவரை, கனடாவின் பிரையன் மிஷாரா 6 முதல் 12 வயது வரையிலான சிறாரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. மூன்றாம் வகுப்பளவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தற்கொலை என்றால் என்னவென்று அறிந்திருந்தனர். பெற்றோர் சொல்லி அறிந்தவர் அல்லர், தொலைக்காட்சியிலும் பிற பிள்ளைகளிடமும் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதிலும் கேட்டறிந்தவர்கள். சொல் நம்மிடமிருந்து புதிதாகப் போவதில்லை. 'செத்துப்போகலாம் என்று தோன்றியதா?' என்று தாழ்ந்த குரலில், சுற்றி வளைக்காமல் கேட்கலாம். 'அப்படியெல்லாம் நினைக்கலையே, இல்லையா?' என்று கேட்கலாகாது. அந்த வினாவின் அமைப்பே 'இல்லை' என்ற விடையைப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுகிறது.

தவிர்க்க வேண்டியவற்றுள் நம் பண்பாட்டுக்கே உரியது ஒன்று: சத்தியம். பதறிய தாய் 'இனிமே செய்ய மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு' என்பாள். பிள்ளை செய்யும். மீண்டும் தாங்க முடியாத கணம் வரும்போது கை பழைய வழிக்கே போகும். அதன்பின் வலியோடு 'அம்மாவுக்கு என்னால் ஏதாவது ஆகிவிடும்' என்ற அச்சமும் சேரும். காயம் இன்னும் ஆழமாக மறைக்கப்படும். சத்தியம் தடுப்பதில்லை, மறைக்கவே கற்றுத் தருகிறது. ஆசிரியரும் ஒரு வாக்குறுதியைத் தரலாகாது: 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்பது. 'உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன்' என்று கூறிவிட்டால் பிள்ளை பின்னர் ஏமாந்ததாக உணராது.

அடுத்த படி பள்ளி ஆலோசகர். அன்றைக்கே, நாளைக்கு அன்று. சிங்கப்பூரில் தேவைப்பட்டால் பள்ளி வழியே மனநலக் கழகத்தின் 'ரீச்' குழுவின் துணை கிடைக்கும். பெற்றோரிடம் யார், எப்போது சொல்வது என்பதை ஆலோசகரோடும் பள்ளித் தலைமையோடும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தீங்கு வீட்டிலிருந்தே வருகிறது என்ற ஐயம் இருந்தால் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு நேரே அழைப்பது பிள்ளையை மேலும் இடரில் தள்ளும். மற்றப் பெற்றோர் பெரும்பாலோர் அச்சத்திலும் வெட்கத்திலும் இருப்பர். 'எங்கள் வளர்ப்பு சரியில்லையா?' என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அவர்களிடம் வளர்ப்பைப் பேசாமல் வேலையைப் பேசுவது நன்று: காயப்படுத்தக்கூடிய பொருள்களையும் மருந்துகளையும் சந்தடியின்றிப் பூட்டி வையுங்கள், உடம்பைத் தினமும் சோதனை போடாதீர்கள், இரவில் பத்து நிமிடம், படிப்பைப் பற்றிப் பேசாமல், அருகில் படுத்திருங்கள். உணர்ச்சி பொங்கும் நேரத்தில் பிள்ளை செய்யக்கூடிய வேறு செயல்களை, முகம் கழுவுதல், தாளில் கிறுக்கித் தள்ளுதல், நம்பிக்கைக்குரிய ஒருவரின் அறைக்குச் சென்று அமர்தல் போன்றவற்றை, ஆலோசகர் பிள்ளையோடு சேர்ந்து வகுத்துத் தருவார்.

காவல்துறைக்குப் போகவேண்டி வருமோ என்று இன்றும் அஞ்சும் பெற்றோர் உளர். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 சனவரி 1 முதல் இல்லை. மலேசியாவிலும் 2023இல் நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட 'குற்றம்' என்ற சொல்லை வீட்டுப் பேச்சும் கைவிடுவது நல்லது.

காயம் ஆழமாக இருந்தாலோ, பிள்ளை எதையேனும் விழுங்கியிருந்தாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ தனியே விடாமல் உடனிருந்து, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். பேச ஆள் தேவைப்படுவோர்க்குச் சிங்கப்பூரில் 'சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்' அமைப்பின் 1767 நாள் முழுதும் இயங்குகிறது. தொடக்கப்பள்ளிச் சிறார்க்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் 'டிங்கிள் ஃபிரெண்ட்' எண் 1800 2744 788. மலேசியாவில் கோலாலம்பூர் 'பிஃப்ரெண்டர்ஸ்' 03-7627 2929. 'தாலியான் காசே' 15999. இவ்வெண்களை மாணவர் ஏட்டின் உள்ளட்டையில் எல்லாருக்கும் பொதுவாக எழுத வைக்கலாம். அப்போது தேவைப்படும் பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ளாமலே அதை வைத்திருக்கும்.

பிள்ளை சில நாள் கழித்து வகுப்புக்குத் திரும்பும். தமிழில் வினையிலிருந்து பெயரை ஆக்குவது மிக எளிது: கீறினவள், அழுதவன், வெட்டிக்கொண்டவள். வினையாலணையும் பெயர் என்று நாம் கற்பிக்கும் இது இலக்கணத்தில் அழகு, வகுப்பறையில் பட்டப்பெயர். வினை ஒரு பொழுதில் முடிந்துவிடும், பெயர் ஒட்டிக்கொள்ளும். எனவே ஆசிரியர் அறையிலும் 'அந்தக் கீறிக்கொண்ட பொண்ணு' என்ற பேச்சு வேண்டா. அவளுக்குப் பெயர் உண்டு. வகுப்பினர் கேட்டால் 'உடம்பு சரியில்லாமல் இருந்தாள், இப்போது வந்துவிட்டாள்' என்பது போதும். விவரம் பரவினால் அதைக் கேட்டு முயலும் பிள்ளைகளும் உண்டு. காயத்தை முன்பே கண்டு நம்மிடம் வந்து சொன்ன தோழியைத் தனியே அழைத்து, அவள் செய்தது காட்டிக்கொடுத்தல் அன்று என்று சொல்ல வேண்டும். பல நாளாக அவளும் உறங்கியிருக்க மாட்டாள். திரும்பிய பிள்ளைக்கு முதல் நாளே சிறப்புச் சலுகைகள் தேவையில்லை. வழக்கமாக அவள் செய்யும் வேலை எதுவோ, ஏடுகளைச் சேகரிப்பதோ வெண்பலகையைத் துடைப்பதோ, அதை அவளிடமே கொடுக்கலாம்.